மஞ்சள் தண்ணீரும் முடி மாத்திரையும்

புதிதாக ஆய்வுக்கூடத்தில் சேர்ந்திருக்கும் உங்களிடம் பத்து நிமிஷம் பேசும்படி சார் கேட்டார். மைக் முன்னால் நின்றால் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அதனால் எழுதித் தருகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிட்டவள் நான்.

திண்டிவனத்தில் இந்த மாடியில்தான் என் வேலைக்காலம் முழுக்கக் கழிந்தது. கண்ணாடிச் சாமான் கழுவுவது, ஆட்டோகிளேவ் என்கிற பெரிய பிரஷர் குக்கரில் வேக வைப்பது, ஈஸ்ட்டுக்குத் தீனி கலப்பது, வளர்ந்த செல்லை அறுவடை செய்வது. இதையெல்லாம் எப்படிச் செய்வதென்று சுவரில் ஒட்டியிருக்கிறது, படித்துக்கொள்ளுங்கள். நான் சொல்ல வந்தது சுவரில் இல்லாத ஒன்று.

முதலில் என்னைப் பற்றி. நான் பயந்தவள். சாயங்காலம் வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் ஏறி, ஆட்டோகிளேவை அணைத்தேனா என்று சந்தேகம் வந்து, கூட்டேரிப்பட்டில் இறங்கி எதிர் பஸ் பிடித்துத் திரும்பி வந்திருக்கிறேன். ஒரு தடவை இல்லை. அங்கே டீக்கடைக்காரர் என்னைப் பார்த்தாலே, "இன்னாம்மா, இன்னிக்கும் அடுப்பை அணைக்கலியா?" என்பார். நான் வருவதற்குள் அது எப்போதும் அணைந்தே இருக்கும். ஆனாலும் வருவேன்.

இங்கே நாங்கள் செய்த வேலை என்னவென்று எனக்குப் புரிந்த விதத்தில் சொல்கிறேன். ஈஸ்ட் செல்லுக்குள் ரைபோசோம் என்று ஒன்று இருக்கிறது. செல்லுக்கு வேண்டிய புரதத்தையெல்லாம் அதுதான் செய்கிறது. எந்நேரமும் வேலை. அதைச் சுற்றி வேறு புரதங்கள் வரும், போகும், ஒட்டி நிற்கும். அவை யார் யார் என்று கண்டுபிடிக்க வேண்டும். கண்ணால் பார்க்க முடியாது. செல்லை உடைத்தால் எல்லாம் கலைந்துவிடும்.

நம்ம ஊர்த் திருவிழாவின் கடைசி நாளில் மஞ்சள் தண்ணீர் ஊற்றி விளையாடுவார்களே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். கூட்டத்தில் ஒருத்தி கையில் மஞ்சள் தண்ணீர்ச் சொம்பைக் கொடுத்துவிட்டால், அவள் பக்கத்தில் போனவன் சட்டையெல்லாம் மஞ்சளாகிவிடும். கூட்டம் கலைந்தபிறகும் கறை இருக்கும். கறை பட்டவர்களை மட்டும் பொறுக்கி எடுத்தால், அவள் பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று தெரியும். ரைபோசோமின் மேல் அப்படி ஒரு சொம்புக்காரியைக் கட்டிவைத்திருந்தோம். அந்த மஞ்சளின் பெயர் பயோட்டின். செல் உயிரோடு இருக்கிற அளவுக்கு மட்டும் அதைக் கொடுத்து வளர்ப்போம். சரியான நேரம் வந்ததும் நிறைய ஊற்றுவோம். கொஞ்ச நேரத்தில் அறுவடை. அதன்பிறகு கறை பட்ட புரதங்களைப் பிரித்து, சென்னையில் இருக்கும் பெரிய மெஷினுக்கு எடுத்துப்போனால், ஒவ்வொன்றையும் எடை பார்த்து அது பேரைச் சொல்லிவிடும்.

எப்போதும் இரண்டு குடுவை வளர்ப்போம். ஒன்றில் சொம்புக்காரி ரைபோசோமின் மேல் உட்கார்ந்திருப்பாள். இன்னொன்றில் எங்கேயும் ஒட்டாமல் செல் முழுக்கச் சுற்றித் திரிவாள். பிறக்கும்போதே மஞ்சள் சட்டையோடு பிறந்த புரதங்கள் சில உண்டு, சும்மா குறுக்கே ஓடிக் கறை பட்டவையும் உண்டு. கண்ட்ரோல் என்று சொல்கிற இந்த இரண்டாவது குடுவையைப் பார்த்து அவற்றையெல்லாம் கழித்துவிடலாம். மிச்சம் இருப்பதுதான் உண்மையான அக்கம்பக்கம்.

ஒரு கோடையில் பட்டப்பகலில் கரண்ட் போய், குடுவைகளை ஆட்டிக்கொண்டிருந்த ஷேக்கர் நின்றுவிட்டது. ஜெனரேட்டரில் டீசல் இல்லை. நான் மட்டும்தான் இருந்தேன். ஆட்டாமல் விட்டால் செல் அடியில் படிந்து மூச்சு முட்டும். எதை முதலில் எடுப்பது என்று தெரியாத பயத்தில் இடது கையில் ஒன்று, வலது கையில் ஒன்று எடுத்துக்கொண்டு, இரண்டையும் சுழற்றியபடி நின்றேன். சார் வந்து பார்த்துச் சிரித்துவிட்டார்.

"இன்னா மேரிம்மா, கரகாட்டமா?"

"கரண்ட் போயிட்டுது சார்."

"ஒண்ணை மட்டும் ஆட்டியிருந்தீங்கன்னா நமக்குப் பெரிய பேஜாரா போயிருக்கும். வித்தியாசம் ரைபோசோமால வந்ததா, கரண்டால வந்ததான்னு தெரியாம முழிச்சிக்கினு இருப்போம். எது நடந்தாலும் ரெண்டுக்கும் நடக்கணும்."

நான் யோசித்துச் செய்யவில்லை. பயத்தில் செய்தேன். ஆனால் அந்த வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டேன். புதிதாக யார் வந்தாலும் முதல் நாளே, "எது நடந்தாலும் ரெண்டுக்கும் நடக்கணும்" என்று சொல்லிவிடுவேன். அதே வாக்கியம் ஒரு நாள் என் மேலேயே திரும்பி வந்தது. அதைத்தான் சொல்லப்போகிறேன்.

நஸ்ரின் கோட்டக்குப்பத்துப் பெண். அவள் அத்தா துபாயில் ஒரு கடையில் வேலை பார்த்தார். அவளுடைய முனைவர் பட்டத்துக்கான வேலையில் ஒரே ஒரு பெரிய சோதனைதான் பாக்கி. மெஷினில் அவளுக்கு அடுத்த வாரம் முறை கிடைத்திருந்தது. அதை விட்டால் அடுத்த முறை எப்போது என்று யாருக்கும் தெரியாது. அவளுக்கு வந்துகொண்டிருந்த உதவித்தொகையோ முடியும் தறுவாயில். அது நின்றால், வேலையைப் பாதியில் விட்டுவிட்டு எங்காவது டியூஷன் எடுக்கப் போகவேண்டியதுதான் என்று அவளே சொல்வாள். சிரித்துக்கொண்டுதான் சொல்வாள்.

அந்த முறைக்கு முந்தின வாரம்தான் மழை பிடித்தது. விழுப்புரம் பக்கம் ஏரிகள் உடைந்து நெடுஞ்சாலையில் தண்ணீர் ஓடியது. கல்லூரிக்கு விடுமுறை. சார் ஒரு கூட்டத்துக்காகச் சென்னை போனவர் அங்கேயே மாட்டிக்கொண்டார். நஸ்ரின் ஈஸ்ட்டை விட்டுவிட்டுப் போகமாட்டேன் என்று விடுதியிலேயே தங்கிவிட்டாள். கதிர் என்று ஒரு பையன். கண்டாச்சிபுரத்துக்காரன், திட்ட உதவியாளர். அவனும் ஊருக்குப் போக வழியில்லாமல் இருந்தான். என் தெருவிலும் முழங்கால் தண்ணீர், அதனால் திண்டிவனத்தில் தங்கை வீட்டில் இருந்தேன்.

காலையில் செல் அருமையாக வளர்ந்திருந்தது. மத்தியானத்துக்குள் பயோட்டின் ஊற்றியாக வேண்டும். அதற்கு மேல் விட்டால் செல் நெருக்கியடித்துக்கொண்டு தீனி போதாமல் சோர்ந்துவிடும்.

நஸ்ரின் ஃப்ரீசரைத் திறந்தாள். கதவைப் பிடித்தபடியே நின்றாள்.

"இன்னா கண்ணு?"

"மேரிக்கா, இங்க வாங்க."

மழைக்கு முந்தின இரண்டு நாளும் கரண்ட் வந்து வந்து போனதில் ஃப்ரீசரின் ஐஸ் உருகி, பெட்டிக்குள் தண்ணீர் தேங்கி, மறுபடி உறைந்திருந்தது. எல்லாச் சிறு குப்பிகளும் அதில் கிடந்தன. மூடியில் பேனாவில் எழுதியிருந்த பெயர்கள் அழிந்து நீலத் தீற்றலாக இருந்தன. பயோட்டின் எது, மற்றது எது, தெரியவில்லை. எல்லாமே நிறமில்லாத திரவம்.

"தூள் பாட்டில்?" என்றேன்.

"காலி அக்கா. இதைக் கலக்கும்போதே தீர்ந்துடுச்சு. புதுசு கூரியர்ல விழுப்புரம் வரைக்கும் வந்துடுச்சாம். அங்கேயே உக்காந்துக்கினு இருக்குது."

கதிர் தெரிந்த கல்லூரிகளுக்கெல்லாம் போன் போட்டான். எல்லா இடத்திலும் விடுமுறை. ஒருவரும் எடுக்கவில்லை. போனை வைத்துவிட்டுத் தலையைத் தடவிக்கொண்டான். அவனுக்கு முன்பக்கம் முடி கொட்டிவிட்டது. அதைப் பற்றிப் பேசினால் கோபம் வரும். தடவிய கை அப்படியே நின்றது.

"அக்கா! என் பையில இருக்குது!"

"என்னடா இருக்குது?"

"பயோட்டின்! முடி மாத்திரை!"

ஓடிப்போய் ஒரு அட்டை மாத்திரையை எடுத்துவந்தான். இளஞ்சிவப்பு நிறத்தில் பளபளவென்று இருந்தது. நஸ்ரினுக்கு அந்த நிலைமையிலும் சிரிப்பு வந்துவிட்டது.

"இதைச் சாப்பிட்டுமா இந்தத் தலை?"

"கிண்டல் பண்ணாதீங்க. எனக்கு வேலை செய்யலன்னாலும் ஈஸ்ட்டுக்குச் செய்யும். அதுக்கு இன்னா, தலையா இருக்குது?"

அட்டையின் பின்பக்கத்தைப் படித்தாள். பயோட்டின் இருந்தது. கூடவே துத்தநாகம், செலினியம், வேறு சில விட்டமின், மேல்பூச்சு, நிறம்.

"கரைச்சு வடிகட்டிடலாம்," என்றான் கதிர். "மேல்பூச்சு போயிடும்."

"துத்தநாகம் போவாதே தம்பி?" என்றேன்.

"போவாதுதான். ஆனா ரெண்டு பிளாஸ்க்குலயும் ஒரே அளவு போடுவோம் அக்கா. கண்ட்ரோல்ல கழிஞ்சிடும். நீங்கதானே சொல்லிக்கினு இருப்பீங்க, எது நடந்தாலும் ரெண்டுக்கும் நடக்கணும்னு?"

அவன் சொன்னது சரி போலத்தான் இருந்தது. ஆனால் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. நெஞ்சு அடித்துக்கொள்வதை ஒரு காரணமாக யாரிடம் சொல்வது? எனக்குத்தான் அணைத்த அடுப்புக்கும் அடித்துக்கொள்ளுமே.

நஸ்ரின் சாருக்குப் போன் போட்டாள். விட்டு விட்டுக் கேட்டது. "…உன் சோதனை… நீயே முடிவு பண்ணு… எதைச் செய்தாலும் செய்ததை எழுதிடு…" என்றார். அதோடு தொடர்பு அறுந்தது.

அவள் ஒரு மாத்திரையைப் பிதுக்கி எடுத்துச் சின்னக் கண்ணாடித் தட்டில் போட்டாள். நசுக்கினாள். வெளியே மழை கொஞ்சம் விட்டிருந்தது. ஷேக்கரில் இரண்டு குடுவையும் ஆடிக்கொண்டிருந்தன. காலையில் லேசாகக் கலங்கியிருந்தது இப்போது மோர் மாதிரி ஆகத் தொடங்கியிருந்தது.

பேச வேறு எதுவும் தோன்றாமல், காலையிலிருந்து மனதில் அரித்துக்கொண்டிருந்த இன்னொரு கவலையைக் கேட்டேன்.

"வீட்ல தண்ணி வந்துட்டுதுன்னியே. அம்மா தனியாவா இருக்காங்க?"

"இல்லக்கா. மாடியில ஏத்தி விட்டுட்டாங்க. நிறைய பேரு இருக்காங்க."

"யாரு, பக்கத்து வீட்டுக்காரங்களா?"

"அவங்க முந்தாநாளே பூட்டிக்கினு சொந்தக்காரங்க வீட்டுக்குப் போயிட்டாங்க. எதிர் வீடும் பூட்டு. இப்ப இருக்கிறவங்க யாரோ. மீன்பிடிக்கிற தெருவுல இருந்து நாலஞ்சு பசங்க படகுல வந்து அம்மாவை மாடிக்குத் தூக்கிக்கினு போனாங்களாம். இன்னொரு குடும்பம் எங்கிருந்தோ வந்து எங்க மாடியில சோறாக்குதாம். அம்மாவுக்கே பேரு தெரியல."

சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். நசுக்கிய தூளைப் பார்த்தாள். ஷேக்கரைப் பார்த்தாள்.

"கதிர்," என்றாள். "இன்னிக்கு யாராவது எங்க வீட்டுக்கு வந்து, உங்க அக்கம்பக்கத்துல யார் யாருன்னு கணக்கெடுத்தா?"

"எடுத்தா?"

"சரியாத்தான் எடுப்பாங்க. ஒரு தப்பும் இருக்காது. ஆனா நாங்க தினமும் யாரோட வாழுறோம்ங்கிறது அதுல வராது."

கதிர் மாத்திரை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "ரெண்டு பிளாஸ்க்குலயும் போட்டாலுமா?"

"ரெண்டு வீட்லயும் வெள்ளம் வந்தா ரெண்டு வீட்லயும் படகுக்காரங்கதான் இருப்பாங்க. துத்தநாகம் கூடுனா, செலினியம் கூடுனா செல்லு இன்னா பண்ணும்னு எனக்குத் தெரியாது. ரைபோசோம் பக்கத்துல யாரை வரவழைக்கும்னும் தெரியாது. கண்ட்ரோல் தப்பான கறையைத்தான் கழிக்கும். வெள்ளத்தைக் கழிக்காது."

என் வாக்கியம் தப்பு இல்லை. ஆனால் அது பாதி வாக்கியம். மீதியை அன்றைக்கு அவள் சொன்னாள். இதைத்தான் உங்களுக்குச் சொல்ல நினைத்தேன். இரண்டு குடுவையையும் ஒரே மாதிரி நடத்துவது கட்டாயம். அதோடு, இரண்டும் நல்லபடியாகவும் இருக்க வேண்டும். கெட்டதைச் சமமாகப் பங்கிட்டால் அது நியாயமாகத் தெரியும். நியாயமாகத் தெரிவதாலேயே நாம் ஏமாந்துவிடுவோம்.

சரி, மாத்திரை வேண்டாம். மெஷினின் முறை? அதைப் பார்த்துக்கொள்கிறவருக்குப் போன் போட்டாள். எங்கள் நல்ல காலம், எடுத்தார். தேதியைத் தள்ளிவைக்க முடியாது என்றார். வரிசையில் இருக்கும் யாராவது தங்கள் முறையை மாற்றிக்கொண்டால் அவருக்கு ஆட்சேபம் இல்லை. நீங்களே பேசிக்கொள்ளுங்கள், அவர்களிடம் கேட்டுவிட்டு எண்ணை அனுப்புகிறேன் என்றார். மூன்று பேர் சம்மதித்து எண் வந்தது. முன்பின் தெரியாதவர்களிடம் போய் உதவி கேட்பது என்றால் நான் செத்தே போவேன். அவள் துப்பட்டாவை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு எண்ணை அழுத்தினாள்.

முதல் ஆள், மெஷினுக்குக் கொடுக்க வேண்டிய தன் மாதிரி இன்னும் தயாராகவில்லை என்று மன்னிப்புக் கேட்டார். இரண்டாவது ஆள், "எங்க கைடு ஒத்துக்க மாட்டார்" என்று சொல்லி வைத்துவிட்டார். கதிர் அந்த அட்டையை இன்னும் கையிலேயே வைத்திருந்தான்.

"இன்னும் ஊத்துற நேரம் தாண்டலை," என்றான் மெதுவாக. "கடைசியில இருக்கட்டுமே, ஒரு வழிக்கு."

அவள் மூன்றாவது எண்ணைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"மேரிக்கா, ரெண்டுலயும் ப்ளீச் ஊத்திடுங்க."

"போன் பண்ணிப் பாத்துட்டு ஊத்தலாமே கண்ணு?"

"இல்லக்கா. அவங்களும் முடியாதுன்னா எனக்குக் கை மாத்திரைக்குத்தான் போவும். ஜல்தி ஊத்துங்க."

ஊற்றினேன். வளர்த்த கையாலேயே ஊற்றிக் கொன்றேன். கதிர் முகத்தைத் திருப்பிக்கொண்டான். ப்ளீச் நெடியில் எல்லாருக்கும் கண் எரிந்ததாகச் சொல்லிக்கொண்டோம்.

அதன்பிறகுதான் மூன்றாவது எண். எடுத்தது ஒரு பெண். மதுரைப் பக்கப் பேச்சு.

"அக்கா, நீங்க யாருன்னு எனக்குத் தெரியாது. நான் திண்டிவனத்துல இருந்து…"

"திண்டிவனமா? டிவியில பாத்தேனேம்மா, ரோடெல்லாம் தண்ணியா கிடக்கு! சாப்பிட்டீங்களா முதல்ல?"

அந்தக் கேள்விக்குத்தான் நஸ்ரின் அழுதாள். ஈஸ்ட்டுக்கு அழவில்லை. அந்தப் பெண்ணின் மாதிரி தயாராக இருந்தது. நகத்தைக் கடித்துக்கொண்டு தன் முறைக்காகக் காத்திருந்தாளாம். நஸ்ரினின் இடத்தை அவள் எடுத்துக்கொண்டு, தன் இடத்தைக் கொடுத்தாள். நஸ்ரினின் உதவித்தொகை முடிவதற்குக் கொஞ்சம் முன்னால் வருகிற முறை அது. இன்னொரு தடவை தவற இடமில்லை.

தண்ணீர் வடிந்தது. கூரியர் வந்தது. குப்பிகளின் மேல் இனிமேல் பேனாவில் எழுதுவதில்லை என்று முடிவு செய்து, ஃப்ரீசரின் ஈரத்தில் உரியாத அச்சுச் சீட்டு வாங்கி ஒட்டினோம். நீங்கள் இப்போது சலித்துக்கொண்டே ஒட்டுகிறீர்களே, அதேதான். செல்லை மறுபடி வளர்த்தோம். பயோட்டின் ஊற்றிய அன்று ஷேக்கர் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். கரண்ட் போகவில்லை. போனால் ஆட்டலாம் என்று இரண்டு கையையும் காலியாக வைத்திருந்தேன்.

அந்த மாத்திரையைப் போட்டிருந்தால் என்ன வந்திருக்கும்? தெரியாது. இன்றைக்கும் தெரியாது. எல்லாம் சரியாகவே கூட வந்திருக்கலாம். கதிர் இப்போதும் அதைச் சொல்லி என்னை வம்புக்கிழுப்பான். சரியாக வந்திருந்தாலும் அதைச் சரி என்று நம்ப எங்களுக்கு வழி இருந்திருக்காது. அவ்வளவுதான் என் பதில்.

நஸ்ரினின் வாய்மொழித் தேர்வு கீழ்த்தளக் கூடத்தில் நடந்தது. டீ கொடுக்கப் போன நான் கதவோரம் நின்றுவிட்டேன். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் கண்டிப்பானவர். அவள் கண்டுபிடித்த அக்கம்பக்கப் பட்டியலில் ஒரு புரதத்தின் மேல் விரலை வைத்தார்.

"இது சாதாரணமா ரைபோசோம் பக்கத்துல எதிர்பார்க்கிற ஆள் இல்லையே. செல்லு ஏதாவது கஷ்டத்துல இருந்தப்போ ஓடி வந்து ஒட்டியிருக்கலாம் இல்லையா? அன்னைக்கு உங்க செல்லு நல்லாத்தான் இருந்ததுன்னு நீங்க எப்படிச் சொல்றீங்க?"

நஸ்ரின் அவசரப்படவில்லை. செல் எந்த நிலையில் இருந்தது, என்ன தீனி, எந்தப் பயோட்டின், எப்போது ஊற்றினாள், திரும்பச் செய்தபோதும் அதே புரதம் எப்படி வந்தது என்று ஒன்றொன்றாகக் காட்டினாள். கடைசியில், "அன்னைக்கு செல்லுக்கு ஒரு குறையும் இல்லை சார். உறுதியாச் சொல்வேன்" என்றாள்.

அவர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.

அவள் சொன்னது உண்மை. பயோட்டின் ஊற்றிய அன்றைக்கு ஷேக்கர் அறையில் கஷ்டத்தில் இருந்தது, நாற்காலியில் உட்கார்ந்திருந்த நான் ஒருத்திதான்.

உங்களில் சிலருக்கும் என்னைப் போல நெஞ்சு அடித்துக்கொள்ளும். அதற்காக வெட்கப்படாதீர்கள். அந்தக் கஷ்டத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். செல்லுக்குக் கொடுத்துவிடாதீர்கள்.